இன்டர்செப்டர் 650: மலைப்பாதைக்கும் இருவர் பயணத்துக்கும் சஸ்பென்ஷனை எப்படிச் சரிசெய்வது?

வளைவுப்பயணி:

அனைவருக்கும் வணக்கம். நான் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 ஓட்டுகிறேன். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து என் எடை 92 கிலோ. பெரும்பாலும் தனியாக ஓட்டுவேன். மலைப்பயணம் என்றால் மனைவியும் உடன் வருவார்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் தனியாகப் போகும்போது எனக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. இருவராகப் போகும்போதுதான் சிக்கல். வளைவை விட்டு வெளியேறும் நேரத்தில் திராட்டிலைத் திறந்தால் வண்டி நான் நினைத்த கோட்டில் நிற்காமல் வெளிப்பக்கம் அகன்று செல்கிறது. தார் எழும்பிய இடங்களில் பின்பக்கம் ஒரு முறைக்கு இரு முறை ஆடி அடங்குகிறது. இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் ஆழமாக அமிழ்கிறது. இதை வண்டியின் குறையாக நான் எழுதவில்லை. நடுத்தர எடையுள்ள ஒருவரை மனத்தில் வைத்து அமைத்த ஸ்பிரிங்கின் மேல் 150 கிலோவையும் ஒரு பையையும் ஏற்றினால் இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றக் கைவசம் பணம் இல்லை. பின் ஷாக்கை முதலில் மாற்றுவதா, முன் ஸ்பிரிங்கை மாற்றுவதா, அல்லது ஃபோர்க் ஆயிலைக் கெட்டியாக்கினாலே போதுமா என்பதுதான் கேள்வி.

பட்டறைக்காரர்:

தம்பி, ஷாக் வாங்குவதற்கு முன்பு செலவில்லாத நான்கு காரியங்களை முடித்துவிடுங்கள். முதலாவது டயர் காற்று. குளிர்ந்த டயரில், நம்பகமான அளவுகோலை வைத்து, இருவர் செல்லும்போது எவ்வளவு என்று கையேடு சொல்கிறதோ அந்த அளவுக்கு நிரப்புங்கள். பின் டயரில் காற்று குறைந்தால் வண்டி ஆடுவதும் அகல்வதும் நீங்கள் எழுதியிருப்பது போலவே இருக்கும். இரண்டாவது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் உள்ள பேரிங். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் 'டொக்' என்ற சத்தம் வரக் கூடாது. ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுந்தாற்போல் நிற்கவும் கூடாது. மூன்றாவது, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது, செயினை இறுக்கிய பின் பின் சக்கரம் முன் சக்கரத்தோடு ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல் நூல் கட்டிப் பார்ப்பது நல்லது.

பட்டறைக்குச் 'சஸ்பென்ஷன் சரியில்லை' என்று வரும் வண்டிகளில் கணிசமானவை இந்த நான்கிலேயே சரியாகிவிடுகின்றன. அதற்குப் பிறகும் குறை இருந்தால் இங்கே எழுதுங்கள்.

நியூட்டன்மீட்டர்:

பட்டறைக்காரர் ஐயா சொன்னவற்றை முடித்த பிறகு செய்ய வேண்டியது அளவெடுப்பது. அளவெடுக்காமல் பொருள் வாங்குபவருக்கு, வாங்கிய பொருள் எதைச் சரிசெய்தது என்று கடைசி வரை தெரியாது.

அளக்க வேண்டியது அமிழ்வு, அதாவது நாம் வழக்கமாக ஸேக் என்று சொல்வது. பின்பக்கத்துக்கு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் சக்கரம் தொங்கும் நிலையில், அச்சின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) ஒட்டிய டேப்பில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். இது முதல் அளவு. பிறகு வண்டியை இறக்கி, நீங்கள் முழு உடுப்பில் வழக்கமாக அமரும் இடத்தில் அமர்ந்து, கால்களை ஃபுட்பெக்கில் வைத்துக்கொள்ள, ஒருவர் முன்னாலிருந்து வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அளக்க வேண்டும். சீல்களிலும் புஷ்களிலும் உராய்வு இருப்பதால் ஒரே ஒரு முறை அளந்தால் ஏமாந்துபோவோம். ஆகவே பின்பக்கத்தை மெல்லத் தூக்கி விட்டு ஓர் அளவும், மெல்ல அழுத்தி விட்டு ஓர் அளவும் எடுத்து, அவற்றின் சராசரியை முதல் அளவிலிருந்து கழியுங்கள். வரும் விடை ஆளமர்ந்த அமிழ்வு. யாரும் அமராமல் வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது இதே முறையில் எடுப்பது வெற்று அமிழ்வு.

இன்டர்செப்டரில் பின் சக்கர அசைவு 88 மி.மீ., முன்பக்கம் 110 மி.மீ. சாலைப் பயன்பாட்டுக்கு மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆளமர்ந்த அமிழ்வாக இருப்பது நல்ல தொடக்கம். அதாவது பின்னால் 28 முதல் 31 வரை, முன்னால் 35-ஐ ஒட்டி. வெற்று அமிழ்வு பின்னால் 5 முதல் 10 வரை இருக்கலாம்.

பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு, பற்றி ஒரு சொல். பின் ஷாக்கில் உள்ள ஐந்து படிகளைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்று பலரும் நம்புகிறார்கள். ஒரே சீரான சுருளுள்ள ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான விசை, பிரீலோடு எந்தப் படியில் இருந்தாலும் மாறாது. மாறுவது வண்டி நிற்கும் உயரம், அதாவது மேலே எவ்வளவு அசைவு மிச்சம், கீழே எவ்வளவு மிச்சம் என்பது மட்டுமே. ஆகவே வெற்று அமிழ்வுக்கும் ஆளமர்ந்த அமிழ்வுக்கும் உள்ள வித்தியாசம் பிரீலோடைப் பொறுத்ததன்று; ஸ்பிரிங்கையும் உங்கள் எடையையும் மட்டுமே பொறுத்தது. அந்த வித்தியாசத்தை வைத்தே உங்கள் ஸ்பிரிங் உங்களுக்குப் போதுமா என்று கணக்கிடலாம். வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால், அதைப் பின் சக்கரத்தின் கீழும் அதே உயரப் பலகையை முன் சக்கரத்தின் கீழும் வைத்து, நீங்கள் ஏறுவதால் பின் சக்கரத்தில் எத்தனை கிலோ கூடுகிறது என்றும் குறித்து வாருங்கள்; வண்டியும் ஆளும் சேர்ந்த பின்பக்க எடையைத் தாங்கும் கருவியாக இருக்க வேண்டும்.

வளைவுப்பயணி:

இருவருக்கும் நன்றி. டயர் காற்று சரியாகவே இருந்தது. கோன் செட்டில் மிகச் சிறிய தளர்வு இருந்தது, அதை இறுக்கியாயிற்று. சக்கரங்கள் நேர்கோட்டில் உள்ளன.

அளவுகள் இவை. பின் பிரீலோடு மூன்றாம் படியில் வெற்று அமிழ்வு 6 மி.மீ., நான் அமர்ந்தால் 31. ஐந்தாம் படியில் வெற்று அமிழ்வே இல்லை. நானும் மனைவியும் அமர்ந்தால் 47. நான் ஏறுவதால் பின் சக்கரத்தில் 57 கிலோ கூடுகிறது. மனைவி ஏறினால் மேலும் 53 கிலோ. முன்பக்கம் வெற்று அமிழ்வு 24, ஆளமர்ந்தது 42. ஃபோர்க் குழாயில் கேபிள் டை கட்டி வைத்து, ஆளற்ற சாலையில் கடுமையாகப் பிரேக் பிடித்துப் பார்த்தபோது 110-இல் ஏறத்தாழ 97 வரை அது போயிருந்தது.

நியூட்டன்மீட்டர்:

அருமையான தரவு. இதிலிருந்து எவ்வளவு தெரிகிறது பாருங்கள்.

பின்னால் 57 கிலோ என்பது 559 நியூட்டன். அது 25 மி.மீ. அமிழ்த்தியது. ஆகவே சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங் கடினம், இரண்டு ஷாக்குகளும் சேர்ந்து, மில்லிமீட்டருக்கு சுமார் 22 நியூட்டன். ஷாக் சாய்ந்து பொருத்தப்பட்டிருப்பதால் ஸ்பிரிங்கின் சொந்தக் கடினம் இதில் பாதியைவிடச் சற்று அதிகமாக இருக்கும். ஆனால் ஒப்பிடுவதற்குச் சக்கரத்தில் உள்ள எண்ணே போதும். தனியாக ஓட்டும்போது மூன்றாம் படியில் 6, 31 என்பது நான் சொன்ன எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் தனியாகப் போகும்போது உங்களுக்குக் குறை தெரியவில்லை.

இருவர் என்றால் கதை வேறு. பிரீலோடைக் கடைசிப் படிக்குக் கொண்டுபோன பிறகும் 88-இல் 47 மி.மீ. அமிழ்ந்துவிடுகிறது. அதாவது வண்டி அசைவதற்கு முன்பே பாதிக்கு மேல் செலவாகிவிட்டது. பின்பக்கம் தனியாக ஓட்டும்போது இருப்பதைவிட 16 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. சக்கரங்களுக்கிடையே ஏறத்தாழ 1400 மி.மீ. உள்ள வண்டியில் இது ஃபோர்க்கின் சாய்வை முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டும். டிரெயில், அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் முன் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தூரம், ஏறத்தாழ 4 மி.மீ. நீளும். அதன் மேல், பின்னால் அமர்ந்தவரின் எடை முன் சக்கரத்தின் மீதுள்ள பாரத்தின் விகிதத்தையும் குறைக்கிறது. திராட்டிலைத் திறந்ததும் வண்டி வெளியே அகல்வதற்கு இவை போதும்.

எனவே என் பரிந்துரை பின்பக்கம்தான் முதலில். எவ்வளவு கடினமான ஸ்பிரிங் என்பதில் ஒரு சமரசம் தேவைப்படும். எப்போதும் இருவர் மட்டுமே போவதாக இருந்தால் சக்கரத்தில் 40 நியூட்டன் வரை தேவைப்படும் என்று கணக்கு சொல்கிறது. அதைப் போட்டுவிட்டுத் தனியாக ஓட்டினால் முதுகு தாங்காது. 26 நியூட்டனை ஒட்டிய ஸ்பிரிங்கை வாங்கி, தனியாக ஓட்டுவதற்கு ஏற்றபடி அமைத்து, இருவர் செல்லும்போது பிரீலோடை 10, 12 மி.மீ. ஏற்றிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆகவே நீங்கள் வாங்கும் ஷாக்கில் படிகளுக்குப் பதிலாக மரையில் சுற்றும் காலர் இருப்பது முக்கியம். குமிழைத் திருப்பினாலே பிரீலோடு ஏறும் ஹைட்ராலிக் அமைப்பு இருந்தால் மலையடிவாரத்தில் காலரைத் திருப்பும் சி ஸ்பானரோடு மண்டியிட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு விலை உண்டு.

நெடுஞ்சாலை_நண்பன்:

இவ்வளவு கணக்கு தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் இதே வண்டிதான் வைத்திருக்கிறேன். ஃபோர்க்கில் இருந்த எண்ணெயை வடித்துவிட்டு அதைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றினேன். பின் ஷாக்கைக் கடைசிப் படியில் வைத்தேன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமிழ்வது குறைந்துவிட்டது. நெடுஞ்சாலையில் வண்டி நிலையாக நிற்கிறது. செலவும் மிகக் குறைவு.

ஆழியாறு:

நெடுஞ்சாலை_நண்பன் அவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. நான்குவழிச் சாலையில் அது வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. ஆனால் வளைவுப்பயணி கேட்பது மலைச்சாலையை. அங்கே அதே காரணம் எதிராகத் திரும்பும்.

இந்த வண்டியின் 41 மி.மீ. ஃபோர்க்கில் டாம்பிங் (அசைவைத் தடுத்து அடக்குவது) நடப்பது டாம்பர் ராடு என்னும் பழைய, எளிய அமைப்பில். ஒரு குழாயில் சில துளைகள். ஃபோர்க் அமிழும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கிச் செல்ல வேண்டும், அவ்வளவுதான். மருந்தேற்றும் சிரிஞ்சை ஊசியோடு மெல்ல அழுத்தினால் தடையே தெரியாது. வேகமாக அழுத்தினால் கல்லைப்போல் நிற்கும் அல்லவா? அதே நடத்தைதான் இங்கும். மாறாத துளையில் தடைவிசை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி உயர்கிறது: ஃபோர்க் இருமடங்கு வேகத்தில் நகர்ந்தால் தடை நான்கு மடங்காகிறது. விளைவு இரட்டைத் துன்பம். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் சாயும்போதும் ஃபோர்க் மெதுவாக நகர்கிறது. அங்கே நமக்குத் தடை வேண்டும், கிடைப்பதில்லை. கூர்மையான குழியின் விளிம்பில் மோதும்போது அது மிக வேகமாக நகர்கிறது. அங்கே நமக்கு நெகிழ்வு வேண்டும், கிடைப்பது இறுக்கம்.

கெட்டியான எண்ணெய் இந்த வளைகோட்டின் வடிவத்தை மாற்றுவதில்லை. முழுவதையும் மேலே தூக்குகிறது. மெதுவான அசைவில் சிறிது தடை கூடுகிறது, அதுதான் நெடுஞ்சாலையில் கிடைத்த நிலைத்தன்மை. அதே நேரத்தில் குழி விளிம்பின் அடி நேராக மணிக்கட்டுக்கு வருகிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது வளைவுகளில், சாய்ந்த நிலையில் டயர் ஒரு பள்ளத்தின் விளிம்பில் மோதி ஃபோர்க் அமிழ மறுத்தால், சக்கரம் தரையை விட்டுத் தாவும். பிடிமானம் போவது அந்த நொடியில்தான். மேலும் கெட்டி எண்ணெய் ரீபவுண்டையும், அதாவது அமிழ்ந்த ஃபோர்க் மீண்டும் எழுவதையும், மெதுவாக்குவதால், தொடர்ச்சியான சிறு மேடுகளில் ஃபோர்க் முழுதாக எழுவதற்குள் அடுத்த மேடு வந்து, ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும்.

எண்ணெய்ப் புட்டியில் அச்சிட்டிருக்கும் 10 டபிள்யூ, 15 டபிள்யூ எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃபோர்க் எண்ணெயில் அந்த எண்களை எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுகோலில் இடுவதில்லை. ஒருவரின் 10 இன்னொருவரின் 15-க்கு அருகில் இருப்பதுண்டு. தரவுத்தாளில் 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெயின் பாகுத்தன்மை எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்று கொடுத்திருப்பார்கள். ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

பின் ஷாக்கை நிரந்தரமாகக் கடைசிப் படியில் வைத்துத் தனியாக ஓட்டுவதும் நல்லதன்று. வளைவுப்பயணியின் அளவுகளில் ஐந்தாம் படியில் வெற்று அமிழ்வு இல்லை. அவரைவிட எடை குறைந்தவர் அந்தப் படியில் தனியாக ஓட்டினால், சாலையில் ஒரு பள்ளம் வரும்போது சக்கரம் அதற்குள் இறங்குவதற்கு மிச்ச அசைவு போதாமல் போகலாம்.

நெடுஞ்சாலை_நண்பன்:

ரீபவுண்டு பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். நகரத்துக்குள் தொடர் வேகத்தடைகளில் முன்பக்கம் இறுகுவதை நானும் கவனித்திருக்கிறேன். ஆனால் தீர்வு என்றாலே ஃபோர்க்கின் உள்ளமைப்பையே மாற்றும் கார்ட்ரிட்ஜ், விலை உயர்ந்த ஓலின்ஸ் ஷாக் என்றுதான் பொதுவாகப் பேசுகிறார்கள். வண்டியின் விலையில் கணிசமான பங்கைச் சஸ்பென்ஷனில் போடுவது எத்தனை பேருக்கு முடியும்? எண்ணெய்க்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவில் எதுவும் இல்லையா?

பட்டறைக்காரர்:

இருக்கிறது. எமுலேட்டர். டாம்பர் ராடின் தலையில், முதன்மை ஸ்பிரிங்குக்கு அடியில் உட்காரும் சிறிய வால்வு அது. தன்னுடைய சிறு ஸ்பிரிங்கின் விசையைத் தாண்டும்வரை எண்ணெயைச் சிறு துளை வழியாக மட்டுமே விடும். குழியின் அடி வந்ததும் திறந்து கொள்ளும். ஆழியாறு சொன்ன வளைகோட்டின் இரண்டு முனைகளையும் இதுதான் மாற்றுகிறது. ரேஸ்டெக் இந்த வகையில் பெயர் பெற்றது; தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் நிறுவனமும் இதே வேலையைச் செய்யும் வால்வுகளை விற்கிறது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. பொதுவாக டாம்பர் ராடின் அடியில் உள்ள கம்ப்ரஷன் (ஃபோர்க் அமிழும்போது எண்ணெய் செல்லும்) துளைகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குப் பெரிதாக்கி, எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் பழைய துளைகளிலேயே தடைபட்டு நிற்கும். மேலே உள்ள வால்வுக்கு வேலையே இருக்காது. துளையிட்ட விளிம்பில் பிசிறு இருக்கக் கூடாது. ரீபவுண்டைக் கட்டுப்படுத்தும் மேல் துளைகளைத் தொடவே கூடாது. ரீபவுண்டு எமுலேட்டருக்குப் பிறகும் எண்ணெயின் கெட்டித்தன்மையால்தான் தீர்மானிக்கப்படும். துளையிட்ட ராடைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்பதால், பழையதை எடுத்து வைத்துவிட்டு வேறொரு ராடு வாங்கித் துளையிடச் சொல்கிறேன்.

ஸ்பிரிங்கை மாற்றாமல் எமுலேட்டர் மட்டும் போடுவதில் பாதிப் பயன்தான். முன்பக்கம் 42 மி.மீ. அமிழ்வு என்கிறார். இப்போதைக்குப் பழைய ஸ்பிரிங்கின் மேல் 6 மி.மீ. நீளமுள்ள துண்டை வைத்தால் வண்டி 36-இல் நிற்கும். லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கலாம். கெட்டியான பிவிசி குழாயை நேராக அறுத்து, இரு முனையிலும் வாஷர் வைத்தும் செய்யலாம். ஆனால் ஃபோர்க் முழுவதும் அமிழும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

எண்ணெயின் கெட்டித்தன்மையைவிட நான் அதிகம் கவனிப்பது அதன் மட்டத்தை. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, குழாயின் வாயிலிருந்து எண்ணெய்ப் பரப்பு வரை அளக்க வேண்டும். மேலே அடைபட்ட காற்று இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தினால் தொடக்க அசைவில் வித்தியாசமே தெரியாது. கடைசி மூன்றில் ஒரு பங்கில் நன்றாகத் தெரியும். பிரேக்கில் 97 வரை போகிறது என்றால் முதலில் இதைத்தான் தொடுவேன். ஐந்து ஐந்தாக உயர்த்துங்கள். ஒரேயடியாக உயர்த்தினால் காற்று அழுத்தம் ஆயில் சீலைச் சோதித்துவிடும்.

பிரித்துப் பூட்டிய பிறகு ஒரு வேலை பலரும் விட்டுவிடுவது. அச்சைப் பிடிக்கும் பக்கத்து போல்ட்டை இறுக்குவதற்கு முன்பு, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கைச் சில முறை நன்றாக அமுக்கி விடுங்கள். இரு கால்களும் தம் இயல்பான இடைவெளியில் அமர்ந்த பிறகு இறுக்கினால்தான் உராய்வின்றி நகரும். இதற்குக் காசே இல்லை. வித்தியாசம் கையில் தெரியும்.

புதுவைக்காற்று:

இதே வண்டிக்குப் பின்னால் 10 மி.மீ. நீளம் கூடிய ஷாக் போட்டால் வளைவில் வேகமாகத் திரும்பும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். கூடவே பின் டயரையும் அகலமாக்கலாமா?

நியூட்டன்மீட்டர்:

திரும்பும், உண்மைதான். பின்பக்கம் 10 மி.மீ. உயர்ந்தால் ஃபோர்க் சாய்வு 0.4 பாகை குறையும். டிரெயில் இரண்டரை மி.மீ. அளவுக்குச் சுருங்கும். ஆனால் இந்த வண்டியின் சாய்வு ஏற்கெனவே 24 பாகைதான், அது சோம்பலான வடிவமன்று. சட்டத்தை உருவாக்குவதில் பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் பங்காற்றியது; பந்தய வண்டிச் சட்டங்களில் நீண்ட அனுபவமுள்ள அந்த நிறுவனத்தை ராயல் என்ஃபீல்டு 2015-இல் வாங்கியது. அவர்கள் வகுத்த வடிவத்தில் வண்டி நிற்கும்படி அமிழ்வைச் சரிசெய்தாலே பெரும்பாலோருக்குப் போதும். நீள ஷாக் போட்டால் செயின் தொய்வை மீண்டும் அளக்க வேண்டும், செயின் ஸ்விங் ஆர்மில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும், சைடு ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின் சக்கரம் தரையைத் தொடலாம். கொஞ்சம் விரைவான திருப்பம் மட்டும் வேண்டும் என்றால், ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் 5 மி.மீ. மேலே நகர்த்திப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம். நகர்த்திய பிறகு ஃபோர்க் முழுவதும் அமிழும்போது எதிலும் முட்டாமல் இருக்க வேண்டும்.

அகலமான டயர் வேண்டாம். அந்தச் சக்கர விளிம்புக்கு (ரிம்முக்கு) வகுத்த அளவு 130/70-18. அதில் அகல டயரைத் திணித்தால் அதன் முகடு உருமாறி, வண்டி சாய்வது மந்தமாகும்.

ஆழியாறு:

சட்ட விதி பற்றியும் ஒரு வரி. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அதே நீளத்தில், அதே பொருத்துமிடத்தில் அமரும் ஷாக் அந்த விவரங்களைத் தொடுவதில்லை என்பது என் வாசிப்பு. ஆனாலும் உத்தரவாதக் காலத்தில் உள்ளவர்கள் சேவை மையத்திடமும், காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

வளைவுப்பயணி:

நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுதுகிறேன். அசல் நீளமே உள்ள, மரைக் காலரும் ரீபவுண்டு திருகும் கொண்ட ஷாக் வாங்கினேன். என் எடையைச் சொல்லி ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தேன். இப்போது பின்பக்கம் வெற்று அமிழ்வு 8, ஆளமர்ந்தது 29 அல்லது 30. காலரை 12 மி.மீ. ஏற்றினால் இருவருடன் 38. முன்பக்கம் 6 மி.மீ. துண்டு வைத்து, எண்ணெய் மட்டத்தை மட்டும் இரு கட்டங்களாக 10 மி.மீ. உயர்த்தினோம், எண்ணெய் கையேடு சொல்வதேதான். அதே பிரேக் சோதனையில் கேபிள் டை இப்போது 88-ஐ ஒட்டி நிற்கிறது.

இருவருடன் வளைவை விட்டு வெளியேறும்போது அகல்வது பெருமளவு நின்றுவிட்டது. கோட்டைப் பிடித்துக்கொள்ள உள்பக்கக் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய தேவை இப்போது இல்லை. ஆனால் ஒரு புதிய சந்தேகம். ரீபவுண்டு திருகில் நிறைய கிளிக்குகள் இருக்கின்றன. கடைக்காரர் நடுவில் வைத்துத் தந்தார். தார் ஒட்டுப்போட்ட, அலை அலையான சாலையில் போகப் போகப் பின்பக்கம் கடினமாவது போல் இருக்கிறது. ஒற்றை வேகத்தடையிலோ எந்தக் குறையும் இல்லை.

ஆழியாறு:

ஒற்றை மேட்டில் சரி, தொடர் மேடுகளில் இறுக்கம் என்றால் ரீபவுண்டுத் தடை கூடுதலாக இருக்கிறது என்று பொருள்; முன்பு ஃபோர்க்கைப் பற்றி எழுதிய அதே தாழ்ந்துபோதல்தான். ஷாக் எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது.

திருகை வலப்பக்கம் மென்மையாக நிற்கும்வரை மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு பலம் காட்ட வேண்டாம், உள்ளே இருக்கும் ஊசிமுனை சேதமாகும். பிறகு பழைய இடத்துக்குத் திறந்து, அங்கிருந்து மேலும் இரண்டு கிளிக் திறந்து அதே சாலையில் ஓட்டுங்கள். இரண்டு ஷாக்கிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் இன்னும் இரண்டு. ஒரு கட்டத்தில், வளைவின் நடுவில் ஒரு மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் எழுந்து மீண்டும் ஒரு முறை ஆடும். அங்கிருந்து ஒரு கிளிக் மூடினால் உங்கள் இடம் கிடைத்துவிடும். நிறுத்திய வண்டியில் சீட்டை அழுத்தி விட்டால், பின்பக்கம் தயங்காமல் எழுந்து, மேலே போனதும் துள்ளாமல் நிற்க வேண்டும்; இது தோராயச் சோதனைதான், சாலையில் பார்ப்பதே முடிவானது. ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் தொடுங்கள், டயர் காற்றை மாற்றாதீர்கள், முடிந்தால் அதே சாலைத் துண்டில் ஓட்டுங்கள்.

இருவருக்காகக் காலரை ஏற்றும்போது ஸ்பிரிங் அதிக விசையோடு தள்ளும் என்பதால் ரீபவுண்டையும் ஒன்று அல்லது இரண்டு கிளிக் மூட வேண்டியிருக்கும். இரண்டு அமைப்புகளையும் ஒரு தாளில் எழுதி சீட்டின் அடியில் ஒட்டிவையுங்கள்.

வளைவுப்பயணி:

மூன்று கிளிக் திறந்ததும் அலைச்சாலையில் அந்த இறுக்கம் போய்விட்டது. நான்காவதில் நீங்கள் சொன்ன ஆட்டம் வந்தது, மூன்றிலேயே நிறுத்திவிட்டேன். முன்பக்க ஸ்பிரிங்கும் எமுலேட்டரும் அடுத்த போனஸுக்குப் பிறகு. பட்டறைக்காரர் ஐயா, அதுவரை இப்போதைய எண்ணெயை அப்படியே விட்டுவைக்கலாமா?

பட்டறைக்காரர்:

விடலாம், ஆனால் முதல் எண்ணெயை நீண்ட நாள் விட்டுவைக்க வேண்டாம். புது ஃபோர்க்கில் புஷ்ஷும் ஸ்பிரிங்கும் தேய்ந்து பழகும்போது வெளியேறும் நுண்ணிய உலோகத் தூள் எல்லாம் அதில்தான் மிதக்கும். வடிக்கும்போது சாம்பல் நிறத்தில் வருவது அதனால்தான். நீங்கள் மட்டத்தை உயர்த்தியபோது பழைய எண்ணெயை முழுவதும் வடித்தீர்களா, அல்லது மேலே ஊற்றி மட்டும் விட்டீர்களா? மேலே ஊற்றியதுதான் என்றால், எமுலேட்டருக்குக் காத்திருக்காமல் இப்போதே முழுவதும் மாற்றிவிடுங்கள். அப்போதே டஸ்ட் சீலைத் தூக்கி, அதன் அடியில் மண் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.